பஸ் விளையாட்டும் நாலு கோடு நோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் காட்பாடியில் உள்ள சித்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து போகும்போது மின்கம்பங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். மழலையர் பள்ளிகளின் 'அட்மிஷன் ஓப்பன்' தட்டி இல்லாத கம்பம் குறைவு. ஒன்றில் கோட்டு போட்ட குழந்தை கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னொன்று, சேர்ந்த ஆறே மாதத்தில் உங்கள் பிள்ளை இங்கிலீஷில் கூட்டெழுத்து (கர்சிவ்) எழுதும் என்கிறது. மூன்றரை வயசுப் பிள்ளை கூட்டெழுத்தில் யாருக்குக் கடிதம் எழுதப் போகிறது என்று தெரியவில்லை.

போன வருஷம் இப்படி ஒரு தட்டியைப் பார்த்துத்தான் என் பேத்தியைச் சேர்த்தோம். பள்ளியின் பெயர் வேண்டாம், அதைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. தீபாவளிக்குள் ஆறு நோட்டு தீர்ந்தது. ரெண்டு கோடு, நாலு கோடு, கட்டம் போட்டது எல்லாம். ஞாயிறு சாயங்காலம் ஆனால் குழந்தைக்கு வயிறு வலிக்கும். பென்சிலை எடுத்தால் ஐந்து விரலாலும் உலக்கையைப் பிடிப்பது போலப் பிடித்து அழுத்துவாள், தாள் கிழியும். மிஸ் சிவப்பு மையில் 'மிகவும் மெதுவாக எழுதுகிறாள்' என்று எழுதி அனுப்பினார்.

எனக்குத் தெரிந்த குழந்தை மருத்துவர் ஒருவரிடம் சொன்னேன். மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள் இருக்கின்றன, நாலு வயசில் அதில் ஏறக்குறைய பாதிதான் எலும்பாகியிருக்கும், மீதி இன்னும் குருத்தெலும்பு என்று அவர் விளக்கினார். அந்தக் கையில்தான் ஒன்று முதல் ஐம்பது வரை மூன்று தடவை எழுதிவா என்று வீட்டுப்பாடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்ததை வாங்கி வந்து நாங்களும் எழுத வைத்துக்கொண்டிருந்தோம்.

பள்ளியிலிருந்து நிறுத்தியதும், மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், எங்கள் தெரு பால்வாடியில் விட்டோம். அடுத்த ஜூன் வரை சும்மா இருக்கட்டும் என்று நினைத்துத்தான் விட்டோம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தினம் சாயங்காலம் நான் கேட்பேன்: "இன்னா படிச்சே இன்னிக்கு?" அவள் சொல்வாள்: "ஒண்ணும் படிக்கல தாத்தா. பஸ் உட்டோம்." அடுத்த நாளும் பஸ். அதற்கடுத்த நாள் களிமண். ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் ஒரு காலையில் டீச்சரிடம் ரெண்டு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

நான் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். காட்பாடி - பாகாயம் பாதையில் என் முட்டி தேய்ந்தது. பால்வாடி வாசலில் நின்று பார்த்தால், உள்ளே என் பஸ் நின்றுகொண்டிருந்தது. குட்டி நாற்காலிகள் ரெண்டு வரிசை. முன்னால் ஒரு பையன் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்திருந்தான். ஆயாவின் மஞ்சப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பேத்திதான் கண்டக்டர். "விருதம்பட்டு எறங்கு, சி.எம்.சி. எறங்கு" என்று ஒரே கத்தல். டிக்கெட், புங்கன் இலை. ஒரு பெண் குழந்தை, "லேடீசுக்கு ஃப்ரீ, எனக்கு டிக்கெட் வேணாம்" என்றாள். "ஃப்ரீதான், ஆனா டிக்கெட் வாங்கணும்" என்றாள் இவள். 2021-இல் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த புதிதில் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

பயணிகள் ஒன்பது பேர், கையில் இருந்த இலை ஐந்து. ஐந்து பேருக்குக் கொடுத்ததும் தீர்ந்துவிட்டது. மீதி நாலு பேரில் ஒருத்தன் அழ ஆரம்பித்தான். இவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கொடுத்த இலைகளைத் திரும்ப வாங்கி ஒவ்வொன்றையும் ரெண்டாகக் கிழித்தாள். "எல்லாருக்கும் அரை டிக்கெட்." ஒரு பையன் மட்டும் தன் இலையைத் தர மாட்டேன் என்று விரலை மூடிக்கொண்டான். சரி என்று விட்டுவிட்டாள். நாலு இலை எட்டானது, அவனோடு ஒன்பது. யாரும் மிச்சமில்லை. மிகவும் மெதுவாக எழுதுகிறாள் என்று சிவப்பு மையில் வாங்கிய குழந்தை இது.

டீச்சருக்கு இதில் வேலையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அதுவரை ஒரு ஓரமாகப் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, "செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்திருக்கேன். வண்டியில எத்தினி பேரும்மா?" என்றார். இவள் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள், டிரைவரையும் சேர்த்துப் பத்து என்றாள். "டிரைவருக்கு டிக்கெட் உண்டா?" என்று அடுத்த கேள்வி. பஸ்ஸே யோசித்தது. நான் கேட்க வந்த ரெண்டு வார்த்தையும் தொண்டையோடு நின்றுவிட்டது.

களிமண் கதையும் அப்படித்தான். ஆயா கரிகிரியிலிருந்து ஒரு உருண்டை வாங்கி வருகிறார். சட்டி பானைக்குப் பேர்போன ஊர், மண்ணுக்கா பஞ்சம்? பிள்ளைகள் இட்லி செய்கிறார்கள், பாம்பு உருட்டுகிறார்கள், ஒருத்தன் செல்போன் செய்து அதில் அவன் அம்மாவிடம் பேசுகிறான். பிசைந்து உருட்டிக் கிள்ளுகிற அந்த விரல்கள்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகின்றன.

இத்தனைக்கும் இது பால்வாடி டீச்சரின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை விளையாட்டு வழியாகவே கற்பிக்கச் சொல்கிறது. அந்தக் கொள்கையில் நமக்கு ஆயிரம் சண்டை இருக்கட்டும், இதில் சண்டை போட ஒன்றும் இல்லை. மாண்டிசோரி என்ற பெயர் நம்மூர்ப் பலகைகளில் கொட்டிக் கிடக்கிறது. 1907-இல் ரோம் நகரத்தின் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய அந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். பலகையில் அவர் பெயர், உள்ளே நாலு கோடு நோட்டு!

ஆனால் பள்ளிக்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நோட்டு கேட்பது நாம்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அம்மா வந்து, "எழுத்து எப்ப டீச்சர் சொல்லித் தருவீங்க? பக்கத்து வீட்டுப் பையன் ரைம்ஸ் எல்லாம் சொல்றான்" என்று கேட்டார். டீச்சர் பொறுமையாகப் பதில் சொன்னார். அடுத்த மாதம் அந்தக் குழந்தை வேனில் ஏறிப் போய்விட்டது. பிள்ளைகள் குறைந்தால் டீச்சரைத்தான் கேள்வி கேட்பார்கள். மேலிருந்து ஒரு அழுத்தம், வாசலிலிருந்து ஒரு அழுத்தம். அவர் மனசு மாறி ஒருநாள் சிலேட்டைக் கையில் கொடுத்துவிட்டால் தப்பு யாருடையது?

அவருக்கு இருக்கிற வேலையையும் சொல்ல வேண்டும். எடை பார்ப்பது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, வீடு வீடாகக் கணக்கெடுப்பது, எல்லாவற்றையும் செல்போன் செயலியில் ஏற்றுவது. சிக்னல் கிடைக்காமல் வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நேரம் பஸ்ஸுக்குச் செக்கிங் இல்லை. பதிவேட்டு வேலைக்குத் தனியாக ஒரு ஆள் போட்டால் டீச்சர் டீச்சராக இருப்பார்.

இன்னொன்று, எங்கள் ஊர் வெயில். ஏப்ரல் பிறந்தால் பத்தரை மணிக்கே வாசல் மண் சுடுகிறது. சுவரில் சோட்டா பீம் வரைந்த காசுக்குக் கூரைக்கு மேல் ஒரு பந்தலும் வாசலில் நிழல் மரமும் கிடைத்திருந்தால் பிள்ளைகள் மணலில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருப்பார்கள்.

2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. நல்ல காரியம். பெயரோடு நோட்டும் சேர்ந்து உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கவலை.

போன வாரம் பேத்தி என்னிடம் பென்சில் கேட்டாள். டிக்கெட்டுக்கு நம்பர் போட வேண்டுமாம். பழைய காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். 7-ஐ வலமிடமாகத் திருப்பிப் போட்டாள். திருத்த வாய் வரை வந்தது, வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மருமகளுக்கு இன்னும் முழுச் சமாதானம் இல்லை. ஜூனில் எங்கே சேர்ப்பது என்ற பேச்சு வீட்டில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

உங்கள் நிருபர் யாரையாவது ஒருநாள் எங்கள் தெருப் பக்கம் அனுப்புங்கள். முட்டை போடும் நேரத்துக்கு வந்து படம் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். காலை பத்து மணிக்கு வரட்டும், வண்டி அப்போதுதான் எடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்