எதிர்ப்பே இல்லாமல் முடிந்த வழக்கு

டாலஸ்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதங்களுக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். இங்கு அனைவரும் நலம். சியாமளா அக்கா மகளின் திருமணச் செய்தி கேட்டு மகிழ்ந்தோம். இப்போது எழுதுவது ஒரு வழக்கைப் பற்றி. வழக்கறிஞரான உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

டெக்சாஸில் மூன்றாண்டுகளாவது வாழ்ந்து, இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள், குடியேற்ற ஆவணம் இல்லாவிட்டாலும் அரசுக் கல்லூரிகளில் உள்மாநிலக் கட்டணத்தில், அதாவது மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணத்தில், படிக்கலாம் என்று 2001இல் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியின் ஆளுநர் ரிக் பெர்ரி. 2025 ஜூன் 4 அன்று அமெரிக்க மத்திய அரசின் நீதி அமைச்சகம் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. மாநிலச் சட்டத்தைக் காக்க வேண்டிய டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) கென் பாக்ஸ்டன் தரப்பு, எதிர்த்து வாதாடாமல் அன்றே ராஜிக்கு இசைந்தது. நீதிபதி ரீட் ஓகானர் அன்றே சட்டத்துக்கு நிரந்தரத் தடை விதித்துவிட்டார். வாதியும் பிரதிவாதியும் ஒரே பக்கம் நின்றால் அது என்ன விசாரணை? நீ மேசையைத் தட்டும் ஓசை இங்கே கேட்கிறது. தங்களையும் வழக்கில் சேர்க்கக் கோரி மாணவர்கள் பிறகு போட்ட மனுவையும் அவர் ஏற்கவில்லை.

வசிப்பிடத்தைக் காட்டி ஆவணமில்லாதவர்களுக்குக் கல்லூரிச் சலுகை தந்தால், அதை எந்த மாநிலத்தில் வாழும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் தர வேண்டும் என்னும் 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டமே வழக்குத் தொடுத்தவர்களின் ஆயுதம். கலிபோர்னியாவில் இதே போன்ற சட்டத்தை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2010இல் இரு தரப்பையும் கேட்டு நிலைநிறுத்தியது. அங்கே அடிப்படை பள்ளியில் படித்த ஆண்டுகள், வசிப்பிடம் அன்று. டெக்சாஸ் சட்டம் வசிப்பிடத்தையும் பேசியதால் வாதம் கடினம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாதத்தை யாராவது எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டாமா?

நான் சனிக்கிழமைகளில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருத்தி, கைக்குழந்தையாக வந்தவள். தகுதி கிடைத்த உடனே நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிப்பேன் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்துக் கல்லூரியில் சேர்ந்தவள். இப்போது அவளுக்கு வெளிமாநிலக் கட்டணம். முன்பு கட்டியதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். ரசீதை என்னிடம் நீட்டி, "நான் எந்த மாநிலம், சார்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. தந்தைக்குக் கூரை வேய்கிற வேலை. இந்தப் பருவத்துக்கு அவள் பெயர் பதியவில்லை.

ராஜித் தீர்ப்பை, அதில் தரப்பாக இல்லாதவர்கள் வந்து உடைத்த வழக்கை நீ நடத்தியிருக்கிறாயா? எந்த வாதம் எடுபட்டது என்று விவரமாக எழுது. விரைவில் எழுது.

அன்புடன்,
சந்திரன்