பெசலெயேல் பெற்ற ஆவி: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நம் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அப்பாவின் வாழ்த்துகள். உன் கடிதத்தை அம்மாவும் நானும் சேர்ந்து வாசித்தோம். ஊழியத்துக்கு நேரடியாகப் பயன்படாத ஓவியம் விசுவாசியின் நேரத்தை வீணாக்குகிறது என்று உன் ஜெபக்குழுவில் ஒருவர் சொன்னதும், அன்றுமுதல் நீ வண்ணங்களைத் தொடாமல் இருப்பதும் எங்களுக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தன. அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை, பக்தியோடுதான் பேசியிருப்பார். ஆனால் அந்தக் கருத்துக்கு வேதத்தில் இடமில்லை என்று நான் உறுதியாக எண்ணுவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று வேதம் முதன்முதலில் யாரைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது என்று பார். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், இரத்தினக் கற்களை வெட்டிப் பதிக்கவும், மரத்தில் செதுக்கவும் தெரிந்த பெசலெயேல் என்னும் கைவினைஞனை. அவனோ அவனுக்குத் துணையாக வந்த தாண் கோத்திரத்து அகோலியாபோ பிரசங்கம் செய்ததாக ஒரு வரிகூட இல்லை. தாங்கள் அறிந்த தொழிலைப் பிறருக்குக் கற்பிக்கும் மனத்தையும் கர்த்தர் அவர்களுக்கு அருளினார் என்று 35ஆம் அதிகாரம் சேர்த்துச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆரோனின் உடைகள் ஏன் அத்தனை நுட்பமாகத் தைக்கப்பட வேண்டும் என்பதற்கு 28ஆம் அதிகாரம் தரும் காரணம், அவை ‘மகிமையும் அலங்காரமுமாயிருக்கும்பொருட்டு’ என்பதே. சாலொமோனின் ஆலய மண்டபத்தில் நின்ற யாகீன், போவாஸ் என்னும் வெண்கலத் தூண்கள் ஒவ்வொன்றும் 18 முழ உயரம் உடையவை. அவற்றுக்கும் மேலே, தலைப்பகுதியில், லீலி மலர் வேலைப்பாடும் வரிசை வரிசையாக மாதளம்பழங்களும் இருந்தன. தரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அந்தப் பழங்களின் நுட்பம் எட்டியிருக்குமா என்பது ஐயமே. ஆயினும் அவை செய்யப்பட்டன.

உன் குழுவினரின் அச்சத்துக்கு வேர் இல்லாமலில்லை. பெசலெயேலைப் பற்றி வாசித்த அடுத்த அதிகாரத்திலேயே பொன் கன்றுக்குட்டி வருகிறது. மோசே தேவ கட்டளையின்படியே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கும் பிற்காலத்து மக்கள் தூபம் காட்டியதால், எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். 8ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் திருவுருவங்கள் அழிக்கப்பட்டதும், 787இல் கூடிய நிக்கேயா சங்கம் அவற்றை மீண்டும் ஏற்றுக்கொண்டதும், பல இசைக்கருவிகளை மீட்டத் தெரிந்த திருச்சபைச் சீர்திருத்தவாதி சுவிங்லியே சூரிச் நகரத் திருச்சபையின் ஆராதனையிலிருந்து இசையை நீக்கியதும் இதே அச்சத்தின் வரலாறுதான். அந்த எச்சரிக்கையை நீயும் மனதில் வைத்துக்கொள். உன் ஓவியம் உனக்குத் தெய்வமாகிவிடக் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனி: எசேக்கியா உடைத்தது மக்கள் வணங்கிய பொருளை. மாதளம்பழங்களோடு நின்ற தூண்களை அவர் தகர்க்கவில்லை. அவை பாபிலோனியர் வந்து உடைக்கும்வரை நின்றன.

உன் நிலையை நினைக்கும்போதெல்லாம் ஜெரார்ட் மான்லி ஹாப்கின்ஸ் என்னும் ஆங்கிலக் கவிஞரே என் நினைவுக்கு வருகிறார். 1868இல் இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையில் சேரும்போது, கவிதை தம் அழைப்புக்குத் தடையாகும் என்று எண்ணி, தம்மிடமிருந்த கவிதைகளை எரித்தார். பிறர் கேட்டதற்காக எழுதிய ஒன்றிரண்டைத் தவிர, ஏழாண்டுகள் எழுதவில்லை. 1875 டிசம்பரில் கப்பல் ஒன்று விபத்துக்குள்ளாகி, ஐந்து கன்னியாஸ்திரிகள் உட்படப் பலர் மாண்டபோது, இதைப் பற்றி யாராவது எழுதினால் நல்லது என்று அவருடைய மேலதிகாரி சொன்ன ஒரு சொல்லே அவருக்குப் போதுமானதாயிற்று. எழுதிய நெடுங்கவிதையை அவருடைய சபையின் இதழே வெளியிடவில்லை. அதன்பின்னும் வல்லூறு பறப்பதையும், புள்ளியும் வரியுமாக அமைந்த படைப்புகளின் பலவண்ணத்தையும் எழுதிக்கொண்டே இருந்து, 1889இல் மறைந்தார். அவருடைய கவிதைகள் நூலாக வந்தது 1918இல்தான். எரித்ததையும் பின்னர் எழுதியதையும் அவர் தேவனுக்காகவே செய்தார் என்று நான் நம்புகிறேன். ஆனால் உலகம் இன்று ஆசீர்வாதம் பெறுவது அவர் எழுதியவற்றால். எரிக்கும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் நினைவில் கொள்.

இன்னொன்றும் எழுதியிருந்தாய்: உன் படங்களில் துயரம் மிகுதி, விசுவாசி இப்படி வரையலாமா என்று. புலம்பல் புத்தகத்தைப் பார். எருசலேம் அழிந்தபின் எழுந்த அழுகை அது. ஆனாலும் அதன் முதல் நான்கு அதிகாரங்கள் எபிரெய மொழியின் 22 எழுத்துகளின் வரிசையிலேயே அமைந்தவை, மூன்றாம் அதிகாரத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று வசனங்கள். நகரமே சாம்பலான பிறகு ஒருவர் அமர்ந்து எழுத்து எழுத்தாக அந்தத் துயரத்தைக் கோத்திருக்கிறார். தேவனைப் பெயர்சொல்லிக் குறிக்காத படைப்புக்கும் வேதத்தில் இடமுண்டு: எஸ்தர் புத்தகத்தின் எபிரெய மூலத்தில் தேவனுடைய பெயர் ஓரிடத்திலும் இல்லை. திருச்சபை அதை வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. துயரத்தை அவசரமாக ஒளியூட்டி மறைக்கும் பக்திப் படங்களை எனக்குச் சற்றும் பிடிக்காது. அவை நல்ல நோக்கத்தோடு சொல்லப்படும் பொய்கள்.

இசையமைப்பாளர் பாக் தம் திருச்சபை இசைப்படிகளின் முடிவில் ‘தேவனுக்கே மகிமை’ என்று பொருள்படும் மூன்று இலத்தீன் எழுத்துகளை இடுவார் என்பது உனக்குத் தெரியும். எனக்கு அதைவிட நெருக்கமானது, 1720இல் ஒன்பது வயது மகனுக்காக அவர் தொடங்கிய பயிற்சி ஏடு. அதில் எந்த விரலை எங்கே வைப்பது என்று காட்டும் எளிய பாடத்தின் தலைப்பிலேயே ‘இயேசுவின் நாமத்தில்’ என்று சுருக்கெழுத்தில் குறித்திருக்கிறார். விரல் பயிற்சிக்கு அந்த நாமம் தகும் என்றால், உன் கோட்டுப் பயிற்சிக்கும் தகும்.

ஆகவே ஞாயிறு பள்ளிக்கு நீ வரைந்து தரும் படங்களை நிறுத்தாதே. அவற்றையும் பிள்ளைகளுக்குத்தானே என்று அலட்சியமாக வரையாதே. அதோடு, மருத்துவமனையில் காத்திருப்பவர்களைப் பார்த்துப் பென்சிலால் வரைந்தவை உன்னிடம் இருக்கின்றன அல்லவா, அவற்றை இந்த மாதமே வண்ணத்தில் தீட்டத் தொடங்கு. அவற்றின்மேல் வசனம் எதுவும் எழுத வேண்டாம். அந்த முகங்களை நீ கண்டபடியே வரை. வண்ணம் வாங்கப் பணம் தேவைப்பட்டால் தயங்காமல் எழுது; அம்மா இப்போதே எடுத்து வைத்திருக்கிறாள்.

உனக்காக நாள்தோறும் ஜெபிக்கும்,
அப்பா