நண்பர்கள் இல்லாதவர் என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழின் அஞ்சலிப் பக்கத்தில் பாளையங்கோட்டைப் பெரியவர் ஒருவருக்கு நாலு வரி ஒதுக்கியிருந்தீர்கள். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றியவர் என்று எழுதிவிட்டு, "நண்பர்கள் என்று யாரும் இல்லாமல் தனிமையில் வாழ்ந்து மறைந்தார்" என்று முடித்திருந்தீர்கள். முதல் மூன்று வரியில் எனக்குக் குறை எதுவும் இல்லை. நாலாவது வரியை எழுதியவர் யாரிடம் விசாரித்தார் என்று தெரிந்தாக வேண்டும். என்னிடம் விசாரிக்கவில்லை. 20 ஆண்டுகளுக்கும் மேலாக நான் அவருக்குத் தோழி.

அவர் இறந்த செய்தியே எனக்கு அந்த நாலு வரியில்தான் தெரிந்தது. நான் எழுதிய மின்னஞ்சல்களுக்குச் சில வாரங்களாகப் பதில் இல்லை. கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பதாகச் சொல்லியிருந்தார். கட்டுப் பிரிக்கட்டும் என்று காத்திருந்தேன். நம் பக்கத்தில் சாவு விழுந்தால் சொந்தக்காரர்களுக்கு ஆள் போகும், தெருவுக்குத் தெரியும், பழைய ஆபீஸுக்குப் போன் போகும். மின்னஞ்சலில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிட யார் இருக்கிறார்கள்? அவர் மகனுக்கு என் பெயர் தெரிந்திருக்க வழியில்லை. அந்த மகன் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. வீட்டுக்கு யாரும் வந்து போகவில்லை என்று அவர் சொன்னதைக் கேட்டு, மனுஷருக்கு நட்பே கிடையாது என்று அச்சில் ஏற்றியது உங்கள் அலுவலகம்.

இத்தனைக்கும் சங்கப் புலவர் பிசிராந்தையாரைப் பற்றி உங்கள் பொங்கல் மலரிலேயே கட்டுரை வந்தது. உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருக்கும்போது, "கேள்விப்பட்டதைத் தவிரப் பார்த்ததே இல்லையே, அவர் எங்கே வரப்போகிறார்" என்று சுற்றி இருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். சோழன் கேட்கவில்லை. பாண்டிய நாட்டில் இருக்கும் அந்த மனிதர் தன் பெயரைச் சொல்லும்போது என் பெயரைத்தான் சொல்வார், அவருக்கு இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான். அவரும் வந்தார். அதை வண்ணப்படம் போட்டுக் கொண்டாடிய அதே இதழ்தான், பாளையங்கோட்டைக்காரருக்கு யாரும் இல்லை என்று எழுதுகிறது. நட்புக்குப் பழந்தமிழர்களாக இருந்தால்தான் மதிப்பா?

எங்கள் பழக்கம் ஒரு பிழையில் தொடங்கியது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கிய பிறகு, ஆங்காங்கே இருந்தவர்கள் சம்பளம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டெழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்களைப் பார்த்துத் தானும் தட்டெழுத உட்கார்ந்தவர் அண்ணாச்சி; அந்தப் பெரியவரை நான் அப்படித்தான் சொல்வேன். அவர் ஏற்றிய ஒரு நூலில் பாடலின் சீர் ஒன்று விட்டுப்போயிருந்தது. மும்பையில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக் கணினியிலிருந்து அதைச் சுட்டி எழுதினேன். மறுநாள் நன்றி வந்தது, கூடவே அடுத்த நூலின் கோப்பும் வந்தது. "மெய்ப்பு பார்க்கத் தெரிந்தவரை விட்டுவிட மாட்டேன்" என்று எழுதியிருந்தார். எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு எழுத்துமுறை அப்போது பரவியிருக்கவில்லை. அவர் திஸ்கி என்ற பழைய எழுத்துமுறையில் அனுப்புவார். என் கணினியில் புரியாத ரோமன் கிறுக்கலாகத் திறக்கும். எழுத்துருவை இறக்கி ஏற்றிய பிறகுதான் "அன்புள்ள தங்கச்சி" என்று படிக்க முடியும். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். அதற்குப் பல ஆண்டு முன்பே தன் கோப்புகள் அத்தனையையும் அவர் மாற்றி முடித்திருந்தார்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்கள் நிருபர் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் சொல்லியிருப்பேன். பழைய அச்சில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும். செய்யுள் எண் தமிழ் எண்ணில் இருக்கும். ஏழு என்ற எண்ணைக் குறிக்கும் ௭ என்பதை எகரமாகத் தட்டிவிட்டால் பாட்டின் முதல் சீரே கெட்டுப்போகும். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்தைய நூல் என்றால் ணை, லை, றா, னா எல்லாம் பழைய வடிவம். எல்லாவற்றுக்கும் மேல் ஔகாரம். ஔவையார் என்பதை ஒகரமும் ளகரமும் போட்டு "ஒளவையார்" என்று தட்டுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. அண்ணாச்சி அதற்காகவே ஒவ்வொரு கோப்பையும் தனியாக ஒரு முறை படிப்பார். விடிவதற்கு முன் எழுந்து செய்கிற வேலை அது. கோப்பின் அடியில் எனக்கு இரண்டு வரி இருக்கும்: மூட்டுவலி எப்படி இருக்கிறது, மாடிப்படி ஏறாதே, தாமிரபரணியில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த ஔகாரப் பிழையை வைத்துத்தான் இன்னொன்றும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஆன்மிகச் சிறப்பிதழில் ஒரு தலபுராணத்திலிருந்து ஒரு பக்கம் பாடல்கள் வந்தன. அவை அண்ணாச்சி தட்டெழுதிய கோப்பிலிருந்து எடுத்தவை. எப்படித் தெரியும் என்றால், அவர் திருத்துவதற்கு முந்தைய படியில் இருந்த இரண்டு ஔகாரப் பிழைகள் அப்படியே உங்கள் தாளில் இருந்தன. தட்டெழுதியவர், மெய்ப்பு பார்த்தவர் பெயர்கள் உள்ள முகப்பு வரிகள் மட்டும் இல்லை. நான் உங்களுக்கு எழுதினேன், பதில் வரவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னபோது, "பாட்டு நாலு பேர் கண்ணில் பட்டதே, விடு" என்றார். அவர் விட்டார். என்னால் விட முடியவில்லை. தமிழ்க் கணிமையின் முன்னோடிகள் என்று நீங்கள் போட்ட சிறப்புப் பகுதியில் மேடை ஏறியவர்கள், மாநாட்டில் மாலை போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் இருந்தார்கள். தட்டெழுதியவர்களுக்கு ஒரு பத்தி இல்லை. வாசகர் கடிதம் இரண்டு பக்கமாக இருந்ததை அரைப் பக்கமாக ஆக்கினீர்கள், அதற்கும் எழுதினேன். ஆயுள் சந்தா கட்டியவள் என்ற முறையில் இவற்றைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

அவர் ஏன் யாரோடும் பழகவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. அவருக்குக் காது கேட்காது. எனக்கும் இது பல ஆண்டுகள் தெரியாது. நேரில் நாங்கள் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு முறை. நான் நாகர்கோவிலுக்கு ரயிலில் போகும்போது திருநெல்வேலி ஜங்ஷனில் வந்து நின்றார். கையில் அல்வாப் பொட்டலம். நான் பேசப் பேசச் சிரித்துக்கொண்டே நின்றாரே தவிர, கேட்டதற்குப் பொருத்தமாக ஒரு பதிலும் வரவில்லை. வண்டி நகர்ந்த பிறகு எனக்கு மனசே சரியில்லை. அன்று இரவே நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தார். நடுவயதிலேயே கேட்கும் திறன் குறையத் தொடங்கியது, கருவி வைத்தால் இரைச்சல்தான் கேட்கிறது, கல்யாண வீட்டிலும் கூட்டத்திலும் அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வெட்கமாக இருக்கிறது, அதனால் போவதையே நிறுத்திவிட்டேன், எழுத்தில்தான் நான் முழு ஆளாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தார். அப்படிப்பட்ட மனிதருக்கு எழுத்துப் பழக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் மிச்சம் என்ன இருக்கும்? தனிமைதான் இருக்கும். நீங்கள் அதை மட்டும் பார்த்து எழுதிவிட்டீர்கள்.

என் கணவர் இறந்தபோது எங்கள் கட்டடத்தில் இருந்தவர்கள் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். பதினாறு முடிந்ததும் அவரவர் வேலைக்குப் போனார்கள், அது இயல்பு. அண்ணாச்சி ஆறுதல் வார்த்தை என்று அதிகம் எழுதவில்லை. தினமும் காலையில் பத்துப் பாடல் மெய்ப்புக்கு அனுப்பினார். மத்தியானத்துக்குள் வரவில்லை என்றால், "சாப்பிட்டாயா? பாட்டு எங்கே?" என்று வந்துவிடும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதுவதற்காகவே எழுந்து சோறு பொங்கிய நாட்கள் உண்டு. என் பிள்ளைகளுக்கே இது தெரியாது. பக்கத்திலேயே இருந்தவர்கள் செய்யாததைப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் செய்தார். இதை நட்பு என்று சொல்ல உங்களுக்கு இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

கடிதத்தில் வளர்ந்த உறவு தமிழுக்குப் புதிதும் இல்லை. பாரிஸில் இருந்த பிரெஞ்சுத் தமிழறிஞர் ஜூலியன் வின்சோன் உ.வே.சா.வுக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார், ஏட்டுச் சுவடிகளைப் பற்றி இருவரும் எழுதிக்கொண்டார்கள். அதை உ.வே.சா. தன் வாழ்க்கை வரலாற்றில் மதிப்போடு பதிந்திருக்கிறார். தபால் தலை ஒட்டிய கடிதத்துக்குக் கிடைக்கும் மரியாதை மின்னஞ்சலுக்குக் கிடையாது என்றால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

என் கோரிக்கை இரண்டு. அந்த நாலாவது வரி தவறு என்று அடுத்த இதழில் ஒரு வரி வெளியிடுங்கள். என் பெயர் போட வேண்டியதில்லை. அவருடன் சேர்ந்து வேலை பார்த்த நண்பர்கள் இருக்கிறார்கள் என்று வந்தால் போதும். இரண்டாவது, இத்துடன் இணைத்துள்ள உறையை உங்கள் நிருபர் மூலம் அவர் மகனிடம் சேர்த்துவிடுங்கள். முகவரி உங்களிடம் இருக்கும், என்னிடம் இல்லை. நெல்லைப் பக்கத்துத் தலபுராணம் ஒன்றை நாங்கள் பாதிக்கு மேல் முடித்திருந்தோம். நான் திருத்தி அனுப்பிய பகுதிகளும் அவர் தட்டெழுதிய மீதியும் அவருடைய கணினியில்தான் இருக்கின்றன. 2 ஆண்டு தொடாமல் கிடக்கும் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் 2023-இல் அறிவித்திருக்கிறது; அதனால் மின்னஞ்சலில் இருப்பதையும் காலத்தோடு எடுத்துவைக்க வேண்டும். கணினியைப் பழைய சாமான்காரருக்குப் போடுவதற்கு முன் அந்தக் கோப்பை மட்டும் ஒரு பென் டிரைவில் ஏற்றி அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பெயரில் சேமித்திருப்பார் என்பதை உறைக்குள் எழுதியிருக்கிறேன். கூரியர் செலவை நானே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஆயுள் சந்தா வாசகி ஒருவர்,
செம்பூர், மும்பை