கிணற்றுப் பங்கை விற்க வேண்டாம்

புரூக்ளின், நியூயார்க்
பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். செல்வி வளைகாப்புச் செலவுக்காகக் கிணற்றுப் பங்கைச் சித்தப்பாவுக்கு விற்கப் போவதாக எழுதிய உங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

குளிர் இன்னும் விடவில்லை. தெருவோரம் ஒதுக்கிய பனி கறுத்துக் கிடக்கிறது. பழைய கோட்டே போதும், புதிதாக வாங்கவில்லை. கீழ்வீட்டுப் போலந்துப் பாட்டி இந்தக் குளிருக்கு ஃபிரிட்ஜ் எதற்கு என்பவர். பீட்ரூட் சூப் சட்டியை ஜன்னலுக்கு வெளியே இரும்புப் படியில் வைத்து, மூடிமேல் செங்கல் ஏற்றிவிடுவார். ராத்திரி நான் படியேறும் சத்தம் கேட்காவிட்டால் கதவைத் தட்டுவார். உருளைக்கிழங்கைத் துருவி அடை மாதிரி சுட்டுத் தருவார். அதனால் சாப்பாட்டுக்குக் குறையில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். செகண்ட் அவென்யூவில் ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்க்கைவ்ஸ் என்று ஒரு பழைய கட்டடம். முன்பு கோர்ட்டாக இருந்தது. அங்கே படம் பார்ப்பேன். உள்ளே ஹீட்டர் நன்றாக இருக்கும், நாலு பேர் முகமும் பார்க்கலாம்.

அந்த இடத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஜோனஸ் மேகாஸ். லித்துவேனியாவில் ஒரு குக்கிராமத்து விவசாயி மகன். 1944-இல் தம்பி அடோல்ஃபாஸோடு ஊரைவிட்டு ஓடி, ஜெர்மானியர் கையில் சிக்கி, கட்டாய வேலை முகாமில் கிடந்து, பிறகு அகதி முகாம்களில் இருந்து, 1949-இல் இந்த புரூக்ளினுக்குத்தான் வந்தார். வந்த சூட்டோடு கடன் வாங்கி ஒரு போலெக்ஸ் கேமரா வாங்கினார். 16 எம்.எம். நீங்கள் டூரிங் டாக்கீஸில் ஓட்டிய ஃபிலிமில் பாதி அகலம்கூட இராது. முழுக்கச் சாவி கொடுத்தாலும் அரை நிமிடம் ஓடாது. நூறடி ரோல் மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதில் அவர் டைரி எழுதினார். அகதிகளின் கூட்டம், சிநேகிதர் கல்யாணம், பார்க்கில் விழும் பனி என்று அன்றன்று கண்டதை ஒன்றிரண்டு பிரேமாகத் தட்டித் தட்டி எடுத்தார். படம் துடிக்கும். ஆபரேட்டர் கண்ணுக்கு முதலில் கோளாறு என்றே தோன்றும். பத்து நிமிடம் பொறுத்தால் ஒரு மனிதனின் ஞாபகம் இப்படித்தான் ஓடும் என்று பிடிபடும்.

விநியோகஸ்தர் பெட்டி அனுப்பாமல் இழுத்தடிப்பதைப் பற்றி எவ்வளவு சொல்லியிருக்கிறீர்கள்! மேகாஸ் மாதிரி ஆட்கள் எடுத்த படங்களைத் தொடவே விநியோகஸ்தர் இல்லை. 1962-இல் இருபதுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு சங்கம் வைத்தார்கள். யார் படம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வது, நல்லது கெட்டது என்று தள்ளுவதில்லை. அது முதலில் நடந்தது மேகாஸ் குடியிருந்த மாடியிலேயே. வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகையில் பத்தி எழுதியும் அந்தப் படங்களுக்காக வாதாடினார். 1964-இல் ஜாக் ஸ்மித்தின் ஒரு படத்தைக் காட்டியதற்குப் போலீஸ் பிடித்துப்போனது. இத்தனைக்கும் வந்து சேர்ந்த ஊர் இது, அவர் பிறந்த ஊர் இல்லை. அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

போன வாரம் பார்த்தது, 1971-இல் அவர் சொந்த ஊருக்குப் போனபோது எடுத்த படம். இருபத்தேழு வருஷம் கழித்துப் போகிறார். அவருடைய அம்மா உயிரோடு இருக்கிறார். வெளியே அடுப்பு மூட்டி, பாட்டி எனக்குச் சுட்டுத் தரும் அதே உருளைக்கிழங்கு அடையைச் சுடுகிறார். இவர் ஊர்க்கிணற்றுத் தண்ணீரை வாங்கிக் குடிக்கிறார். அப்பா, அதற்குமேல் என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. நம் கிணறும், விடியற்காலையில் அம்மா குடத்தோடு வரப்பில் வருவதும் அப்படியே கண்ணில் நின்றது. இந்த ஊரில் எதைக் குடித்தாலும் தாகம் தீர்வதில்லை.

அதனால்தான் கேட்கிறேன். கிணற்றுப் பங்கைச் சித்தப்பாவுக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். செல்வி வளைகாப்புக்கு என்று விற்க வேண்டாம், பணம் நான் அனுப்புகிறேன். இந்த மாதம் மட்டும் கொஞ்சம் பிந்தும். வேலை செய்யும் இடத்தில் ஒரு மாற்றம், கவலைப்பட ஒன்றுமில்லை. அதுவரை ராமர் மாமாவிடம் கைமாற்றாகக் கேளுங்கள், வட்டிக்கு வாங்க வேண்டாம். வளைகாப்புச் செலவில் பாதியை மாப்பிள்ளை வீட்டார் ஏற்பதாக முன்பே பேச்சு, மச்சானிடம் அம்மா ஞாபகப்படுத்தட்டும். சித்தப்பா பத்திரம் கொண்டுவந்தால் முருகேசன் வரட்டும் என்று சொல்லிவிடுங்கள், கையெழுத்து வேண்டாம். பம்பு செட் கரண்ட் இணைப்பு இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கிறதா என்று ஈ.பி. ஆபீஸில் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
முருகேசன்