பதினேழு வயது ரைடரும் பத்துப் புள்ளிக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பகுதி இளம் கபடி ரைடர் (எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவர்) ஒருவரைப் பற்றி உங்கள் வாசகர் பக்கத்தில் சில வாரங்களாக வாக்குவாதம் நடக்கிறது. பையன் பள்ளி மாணவன் என்பதால் பெயரை இழுக்கவில்லை. டெல்டாவில் கபடி பார்ப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். இந்த வருடமே தொழில்முறை லீக்கான புரோ கபடி தேர்வுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு கட்சி. ஊர்ப் போட்டிகளில் ஆடி நாலு காசு பார்க்கட்டும், என்ன அவசரம் என்று இன்னொரு கட்சி. இரு தரப்பும் எண்ணுவது அவன் எடுக்கும் புள்ளியை மட்டும்தான். எத்தனை ரைடு போகிறான், எத்தனை முறை பிடிபடுகிறான், எத்தனை ராத்திரி தூக்கமில்லாமல் ஆடுகிறான் என்று எழுதியவர் ஒருவரும் இல்லை. அவனை எங்கே அனுப்புவது என்று பேசுவதற்கு முன்னால் அவன் ரைடு எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஓர் ஆட்டத்தில் 22 ரைடு போய் 10 புள்ளி எடுத்து, 8 முறை பிடிபட்டான் என்று வைத்துக்கொள்வோம். சுவரொட்டியில் 10 மட்டும்தான் ஏறும். பிடிபட்ட எட்டு முறையும் எதிரணிக்கு ஒவ்வொரு புள்ளி போயிற்று. எதிரே மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்தபோது சிக்கியிருந்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. அது போக, அணி அவனை மீட்கும்வரை வெளியே உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பத்திலும் போனஸ் (யாரையும் தொடாமலே போனஸ் கோட்டைத் தாண்டி வாங்கும் புள்ளி) எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். எதிரே ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் உண்டு. ஆள் குறைந்து ஐந்தாகும்போது இந்தப் பையனிடம் மிஞ்சுவது ஒரே பக்கமாக ஓடிப் போடும் கை டச் ஒன்றுதான். கால் டச் இல்லை, பின்னுதை இல்லை. செல்போனில் சுற்றும் வீடியோக்களில் வெறுங்கையோடு திரும்பிய ரைடை யாரும் போடுவதில்லை, அதனால் ரசிகர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை.

அவன் பிடிபடும் விதத்தையும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ரைடர் தாண்ட வேண்டிய பாக் கோடு, அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு கால் ஊன்றும்போது மற்றக் கால் தரையில் படாமல் இருக்க வேண்டும். அதாவது அந்த ஒரு கணம் உடம்பு எடை முழுக்க ஊன்றிய காலில் இறங்கிவிடுகிறது. நல்ல கார்னர் (ஓரத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) காத்திருப்பது அதற்குத்தான். எடை இறங்கிய காலை இழுத்துக்கொள்ள முடியாது, கணுக்காலைப் பிடித்துவிடுவான். சிக்கியதும் நம் பையன் நிமிர்கிறான். நிமிர்ந்த ஆளை, கார்னருக்கு உள்பக்கம் நிற்கும் கவர் வந்து நெஞ்சோடு இடித்தால் வேலை முடிந்தது. சிக்கிய உடனே இடுப்பைத் தாழ்த்தி, நடுக்கோட்டுப் பக்கமாக உடம்பை நீட்டிக் கையை வீச வேண்டும். கை கோட்டைத் தொட்டால் பிடித்தவர்கள்தான் வெளியேறுவார்கள். இன்னொரு குறை, டச் போட்டதும் முதுகைக் காட்டித் திரும்பி ஓடுவது. முகம் எதிரணியைப் பார்த்தபடியே பின்னால் வரப் பழக வேண்டும். இடம் போதாத ஊர்களில் கோடுகளைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போடுவார்கள். அங்கே பழகிய கணக்கு, மேட் (விரிப்பு) போட்ட முழு அளவு களத்தில் ஓர் எட்டு குறையும். அந்த ஓர் எட்டு கார்னருக்குப் போதும்.

மேட் என்றதும் முழங்கால் ஞாபகத்துக்கு வருகிறது. மண்ணில் திரும்பும்போது பாதம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட்டில் ஷூவின் அடிப்பாகம் கவ்விக்கொள்ளும்; பாதம் நிற்க, உடம்பு சுழல, நடுவில் மூட்டு முறுக்கிக்கொள்கிறது. மூட்டுக்குள் இருக்கும் முன் குறுக்குத் தசைநார் அறுவது பெரும்பாலும் இப்படித்தான், யாரும் தொடாமலே. அறுந்தால் அறுவை சிகிச்சை, பிறகு குறைந்தது ஒன்பது மாதம் களத்துக்கு வெளியே. திறந்தவெளியில் விரிக்கும் மேட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அடியில் தரை சமமில்லாவிட்டால் துண்டுகள் சேருமிடத்தில் இடைவெளி விழும். கால்விரல் அதில் மாட்டும். ஆட்டத்துக்கு முன்னால் போட்டிக் குழுவில் ஒருவர் மேட் முழுக்க நடந்து, இணைப்புகளை அழுத்திப் பார்த்து டேப் ஒட்டினால் போதும். பத்து நிமிட வேலை.

இதற்கான உடற்பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. ஒற்றைக் காலில் குந்தி எழுவது, ஒவ்வொரு காலுக்கும் 8 முறை, மூன்று சுற்று. முட்டி உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். முழங்காலிட்டு இடுப்பை நிமிர்த்தி, ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்தபடி மெல்ல முன்னால் சாய்ந்து கையை ஊன்றுவது, முதல் சில வாரம் 4 முறை போதும். இது தொடையின் பின் தசைக்கு. ஆரம்பத்தில் வலி எடுக்கும் என்பதால் ஆட்டத்துக்கு முதல் நாள் கூடாது. திண்ணை உயரத்திலிருந்து குதித்துச் சத்தம் வராமல் இறங்குவது, 10 முறை. வாரம் இரண்டு நாள் போதும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்டால், ஐப்பசியும் கார்த்திகையும் எதற்கு இருக்கின்றன? அடைமழையில் நம் களிமண் தரையில் கால் வைக்க முடியாது, சம்பாப் பயிரும் வயலில் நிற்கும், போட்டி கிடையாது. பையன்கள் அந்த மாதங்களில் சும்மா இருந்துவிட்டு, பொங்கல் வந்ததும் அடுத்தடுத்து நாலு ராத்திரி இறங்குகிறார்கள். தை மாதத்தில் தொடைத் தசை கிழிவதும் கணுக்கால் பிசகுவதும் அதிகமாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ராத்திரி தொடங்கும் நாக் அவுட் போட்டியில் அரையிறுதி விடியற்காலையில்தான் வரும். அதற்குள் மூன்று, நான்கு ஆட்டம் முடிந்திருக்கும்; இடையில் புல்தரையில் உட்கார்ந்து உடம்பு ஆறியிருக்கும். களைத்த காலில்தான் முட்டி உள்ளே சாய்கிறது. 17 வயதுப் பையனுக்கு வாரம் ஒரு ராத்திரிக்கு மேல் கூடாது, அந்த ராத்திரியிலும் அணியின் ரைடுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கூடாது என்று அணியே முடிவு செய்யலாம்.

எடைப் பிரிவு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. 65 கிலோ போட்டிக்கு 69 கிலோ பையனைக் கூட்டி வருகிறார்கள். முதல் நாளே தண்ணீரை நிறுத்தி, ரெயின்கோட்டைப் போட்டு ஓடவிட்டு, நாலு கிலோவை வேர்வையாக இறக்குகிறார்கள். அது உடம்பு எடையில் ஏறக்குறைய ஆறு சதவீதம். இரண்டு சதவீத நீர் குறைந்தாலே ஆட்டத் திறன் சரியத் தொடங்கும். எடை பார்த்த கையோடு குளிர்பானமும் பரோட்டாவும். இரண்டாவது ஆட்டத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு விழுகிறான். சில இடங்களில் சிறுநீர் பிரிய மாத்திரை கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. அந்த வகை மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருப்பவை. போட்டி நாளில் மட்டுமல்ல, எந்த நாளிலும். பெரிய போட்டியில் சோதனையில் சிக்கினால் தடை அவனுக்கு, வாங்கிக் கொடுத்தவருக்குப் பெயரே வராது. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் எடை பார்ப்பது என்று குழுக்கள் வைத்துவிட்டால் இந்தக் கூத்து பாதி நிற்கும்.

ரைடைக் குறைத்தால் பையன் என்ன செய்வான்? பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும். கார்னரில் நின்று ஒரு பருவம் ஆடினால், ரைடரின் எந்தக் காலில் எடை இருக்கிறது என்று கண் பழகிவிடும். திரும்ப ரைடு போகும்போது தன் காலைத் தானே காப்பாற்றிக்கொள்வான். தஞ்சை மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அவர் தடுப்பாட்டக்காரர். நம் ரசிகர்கள் ரைடருக்கு மட்டும் விசில் அடிப்பது ஏனோ தெரியவில்லை.

ஊர்ப் போட்டிக் கட்சியினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அங்கே ஊர்க் கோப்பையும் அண்டாவும் செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட சங்கமும் பள்ளி விளையாட்டு அமைப்பும் நடத்தும் போட்டிகளின் சான்றிதழ்தான் பேசும். வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ் 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். அதுபோன்ற அணிக்கு வழி ஜூனியர் தேர்வுகள்தான். தேர்வு நாளில் பக்கத்து ஊரில் ஐம்பதாயிரம் பரிசுப் போட்டி இருக்கிறது என்று போகாமல் விடக் கூடாது. புரோ கபடிக் கட்சியினருக்கும் ஒரு வார்த்தை: அங்கே எதிரே நிற்கப்போவது 80 கிலோ ஆட்கள். இப்போதே போய்ப் பெஞ்சில் உட்காருவதைவிட இரண்டு வருடம் ஜூனியரில் முழு ஆட்டம் ஆடுவது மேல்.

கடைசியாகத் தங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாவட்டப் போட்டி முடிவுகளை அச்சிடும்போது எடுத்த புள்ளிக்குப் பக்கத்தில் மொத்த ரைடு, பிடிபட்ட எண்ணிக்கை, எதிராளியைப் பிடித்து எடுத்த டேக்கிள் புள்ளி மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். ஸ்கோர் எழுதுபவரின் தாளிலிருந்தே எடுத்துவிடலாம். கூடுதலாக ஒரு வரிதான் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு கபடி ரசிகர்,
மன்னார்குடி