ட்யோலீச்செக் ஜன்னலிலிருந்து

வ்ர்ஷோவிட்ஸே, பிராக்
6 ஜூன் 2021

அன்பு நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மா நன்றாக இருக்கிறார். இரண்டாவது தடுப்பூசியும் போட்டாயிற்று, ஒரு நாள் கை வலித்ததோடு சரி. நேற்று ரொட்டியும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "அவன் எப்போ வரான்?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார். இந்த மாதம் கட்டாயம் வருவாய் என்று உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். பர்டுபிட்ஸே இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஆனால் மார்ச் முழுக்க மாவட்ட எல்லையைத் தாண்ட விடவில்லையே, நீ வேறு ஏதோ கண்டத்தில் இருப்பது போலத் தோன்றியது எனக்கு.

உன் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன். "சாம்பியன் ஆனோம், ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, ஆனால் எனக்கு ஒன்றும் நடந்த மாதிரியே இல்லை" என்று எழுதியிருந்தாய். நாற்பது வருஷமாக ஸ்லாவியா கால்பந்து அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் இப்படி எழுதினால் எனக்கு மனசு கேட்கவில்லை. நான் போஹெம்காக்காரன், பக்கத்து போஹெமியன்ஸ் அணியின் ரசிகன். உன் அணி ஜெயிப்பதால் எனக்கு ஒரு லாபமும் கிடையாது. அதனால் நான் சொன்னால் நீ நம்பலாம்: அது நடந்தது, பெரிதாகவே நடந்தது.

கணக்கைப் பார். 34 ஆட்டம், 26 வெற்றி, 8 டிரா, 86 புள்ளி. இரண்டாவது வந்த ஸ்பார்ட்டா 74. கடைக்கு வரும் ஒரு ஸ்பார்ட்டாக்காரர், "நாங்களும் 2009-10ல் தோற்காமலே ஜெயித்தோம்" என்று தினமும் சொல்கிறார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் 30 ஆட்டத்தில் 14 டிரா. கடைசியில் யப்லொனெட்ஸைவிட ஒரே ஒரு புள்ளிதான் அதிகம். உங்கள் சீசன் அப்படி நூலிழையில் தொங்கவில்லை. அதுவும் போன வருஷம் தொற்று வந்து கீழ்ப் பிரிவு ஆட்டங்களை முடிக்க முடியாமல் போய், யாரையும் கீழ் டிவிஷனுக்கு இறக்காமல், 18 அணியோடு ஓட்டிய லீக் இது. அக்டோபரில் சில வாரம் எல்லாம் நின்றது, பிறகு நெருக்கியடித்து ஆடினார்கள். அதற்குள் உங்கள் ஆட்களுக்கு ஐரோப்பிய ஆட்டங்கள் வேறு.

நடுவில் பலரை இழந்தும்தான் இதைச் செய்தார்கள். சோவ்செக் முந்தின ஜனவரியிலேயே வெஸ்ட் ஹாமுக்குப் போய்விட்டார். செப்டம்பர் கடைசியில் மிட்யுலாண்டிடம் 4-1 என்று தோற்று சாம்பியன்ஸ் லீக் கைநழுவியது, அந்த வாரமே ட்சோவ்ஃபலும் லண்டனுக்குக் கிளம்பினார். அன்றைக்கு இரவு நீ போனில் பேசவே இல்லை, மூச்சு மட்டும் விட்டாய். பயிற்சியாளர் த்ர்பிஷொவ்ஸ்கி என்ன செய்தார்? தாபொர்ஸ்கோவிலிருந்து வந்த செனகல் பையன் சீமாவை இறக்கினார். கீழ் டிவிஷன் அணியிலிருந்து வந்தவன், சில மாதத்தில் லெஸ்டர் மைதானத்தில் கோல் போடுகிறான்! அந்த லெஸ்டர்தான் மே மாதம் எஃப்ஏ கோப்பையைத் தூக்கியது. அடுத்து கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ். அவர்களும் தங்கள் லீக்கில் 38 ஆட்டமும் தோற்காதவர்கள். அங்கேயும் 2-0. கோல்கீப்பர் கோலார்ஷின் மண்டையோட்டில் விரிசல் விழுந்தது அந்த ஆட்டத்தில்தான். மூன்று வாரம் கழித்து முகக்கவசம் மாட்டிக்கொண்டு ஆர்சனல் மைதானத்தில் வந்து நின்றாரே, நான் எழுந்து நின்று கைதட்டினேன். கடைசி நிமிஷத்தில் ஹோலெஷ் தலையால் முட்டி 1-1 ஆக்கியபோது மேல்வீட்டிலிருந்து கத்தல், கீழ்வீட்டிலிருந்து கத்தல். அடுத்த வாரம் உங்கள் ஈடன் மைதானத்தில் 0-4. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கிளாஸ்கோ ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் வீரர் குடேலா விவகாரத்தில் நாம் போனில் சண்டை போட்டோம். வாயைப் பொத்திக்கொண்டு ரேஞ்சர்ஸ் வீரர் கமாராவின் காதில் அவர் இனவெறிச் சொல் சொன்னார் என்பது குற்றச்சாட்டு, அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்பது அவர் பதில். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ 10 ஆட்டத் தடை போட்டது, யூரோவும் அவருக்குப் போயிற்று. "நம்மை எல்லாரும் சேர்ந்து மிதிக்கிறார்கள்" என்றாய் நீ. அன்றைக்குத் திரையில் கமாராவின் முகத்தைப் பார்த்தவனுக்கு அப்படிப் பேச வரவில்லை. இப்போதும் என் எண்ணம் அதுதான். ஆனால் பேச்சின் நடுவில் போனை வைத்தது என் தப்பு. அதற்காக வருந்துகிறேன்.

இனி உங்கள் ஊர்ச் செய்தி, என் ஜன்னலிலிருந்து.

பர்டுபிட்ஸே ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து முதல் டிவிஷனுக்கு வருகிறது, ஊரில் இருக்கும் பழைய மைதானம் லீக் விதிகளுக்குப் போதவில்லை, அதனால் சொந்த ஆட்டங்களை என் தெருமுனையில் இருக்கும் போஹெம்கா மைதானமான ட்யோலீச்செக்கில் ஆடுகிறது! ஆகஸ்டில் இதைக் கேள்விப்பட்டபோது நாம் போட்ட திட்டம் ஞாபகம் இருக்கிறதா? பதினைந்து நாளைக்கு ஒரு முறை நீ ரயிலேறி வருவது, அம்மா வீட்டில் சாப்பாடு, பிறகு இருவரும் மைதானம். ஒரு தடவைகூட நடக்கவில்லை. போஹெம்காவும் பர்டுபிட்ஸேவும் இரண்டு முறை மோதின, இரண்டும் ஒரே புல்லில். ஒரு முறை நாங்கள் வீட்டுக்காரர், மறுமுறை எங்கள் வீட்டிலேயே நாங்கள் விருந்தாளி. இரண்டு முறையும் படிக்கட்டுகள் காலி.

ஆனால் கேள். காலி மைதானத்தில் எல்லாமே காதில் விழும். கோல்கீப்பர் "என் பந்து!" என்று கத்துவது, காலணி பந்தில் படும் அந்த மொத்தென்ற சத்தம், பயிற்சியாளர் ஒரே பெயரை விடாமல் கூப்பிடுவது. சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்து டிவியைப் போட்டால், வெளியே சத்தம் முதலில் வரும், திரையில் கோல் சில விநாடி கழித்து விழும். எதிர் மாடியில் ஒரு பெரியவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எங்கள் பச்சை-வெள்ளை ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தார், பர்டுபிட்ஸே ஆட்டத்துக்கும்கூட. பனியிலும் உட்கார்ந்திருந்தார். பிப்ரவரி முடிவதற்குள் எனக்கு உங்கள் ஆட்கள் குரல் பழகிவிட்டது, இன்றைக்கு யார் சோர்ந்திருக்கிறார் என்று குரலை வைத்தே தெரியும். முதல் வருஷத்திலேயே ஏழாவது இடம்! நீ அதைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய். ஊர் மாறி எத்தனை வருஷம் ஆனாலும் உனக்கு ஸ்லாவியாதான், தெரியும். ஆனாலும் அந்த ஏழாவது இடத்தை நான் காதால் பார்த்தவன், கொஞ்சம் பெருமைப்படு.

அக்டோபரில் எங்கள் பழைய வீரர் பனென்கா கொரோனாவோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்த நாட்களை மட்டும் மறக்க முடியவில்லை. 1976 பெல்கிரேடில், யூரோ இறுதி ஆட்டத்தில், அவர் அந்த பெனால்டியை மெல்லத் தூக்கிப் போட்டது நமக்கு அப்பாக்கள் சொன்ன கதை. ஆனால் ட்யோலீச்செக் வாசலில் நின்று ரசிகர்களோடு பேசும் மனிதரை நாமே எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். என் ஸ்கார்ஃபை எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். அவர் தேறி வீட்டுக்குப் போனார் என்று செய்தி வரும்வரை அவிழ்க்கவில்லை.

மற்றதெல்லாம் உனக்கே தெரியும். ஓப்பவாவும் ப்ரிப்ராமும் ப்ர்னோவும் இறங்கின. ஹ்ராடெட்ஸ் ஏறியிருக்கிறது, உங்களுக்கு இனி பக்கத்து ஊர் டெர்பி. உங்கள் குக்தாவும் ஸ்பார்ட்டாவின் ஹ்லோஷெக்கும் ஆளுக்கு 15 கோல். காயத்தால் மாதக்கணக்கில் ஆடாமல் இருந்துவிட்டு 18 வயதில் 15 கோல் போடுகிற ஹ்லோஷெக்கை ஸ்பார்ட்டாக்காரன் என்பதற்காக நான் வெறுக்கமாட்டேன். போஹெம்கா இறங்கவில்லை, எனக்கு அது போதும்.

இப்போது உன் வரிக்கு வருகிறேன். 2005ல் போஹெம்கா திவாலாகி, ரசிகர்கள் உண்டியல் குலுக்கிய நாட்களில் நீயும் பணம் கொடுத்தாய். சிவப்பு-வெள்ளைச் சட்டையோடேயே வந்து கொடுத்தாய், வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். 1983ல் எங்கள் ஒரே பட்டத்தை ஜெயித்தபோது, பன்னிரண்டு வயதில், என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போட்டிச் என்ற ஓடையின் கரையில் ஓடியவனும் நீதான். ஜெயித்தது உன் அணி இல்லை, ஆனாலும் எனக்காகக் கத்தினாய். அந்தப் பட்டம் எனக்கு நிஜமானதில் பாதி அதனால்தான் என்று நினைக்கிறேன். இந்த வருஷம் உன்னை யாரும் தூக்கவில்லை, தூக்கவும் விடவில்லை. பட்டம் உறுதியான இரவு நான் தனியாக ஈடன்வரை நடந்து போனேன். பதினைந்து நிமிஷ நடை. உனக்காகத்தான் போனேன், உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.

மதுக்கடைகளில் உள்ளேயும் உட்கார விடுகிறார்கள் இப்போது, பரிசோதனைச் சான்று இருந்தால் போதும். மாதக்கணக்கில் ஜன்னல் வழியாக வாங்கிக் குடித்தது போதும். 12-ம் தேதி சனிக்கிழமை வா. 22-ம் எண் டிராமில் ஏறி 'ஸ்லாவியா' நிறுத்தத்தில் இறங்கு, நான் அங்கேயே நிற்கிறேன். முதலில் ஈடனை ஒரு சுற்று நடப்போம், பிறகு வீடு. திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஸ்காட்லாந்துடன் யூரோ ஆட்டம், மறுபடியும் கிளாஸ்கோவில்தான். சோவ்செக், ட்சோவ்ஃபல் இரண்டு பேரும் இருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு மாலை ரயிலில் போ.

உங்கள் ஊர் இஞ்சி ரொட்டி, அந்தப் பெர்னீக், ஒரு பொட்டலம் கொண்டுவா, அம்மா கேட்டார். அவர் ஸ்விச்கொவா, அந்த மாட்டிறைச்சிக் குழம்பு, செய்கிறாராம். இறைச்சிக்கு நான் சொல்லிவைத்தாயிற்று.

உன்,
போஹெம்காக்காரன்