பேஸ்மட்டத்துக்குள் என்ன போடுகிறீர்கள்? குமரி மாவட்ட வீட்டு ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் அண்ணன்மாரே,

அகஸ்தீஸ்வரத்திலிருந்து விளவங்கோடு வரைக்கும் வீடு கட்டிக் கொடுக்கிற ஒப்பந்தக்காரர்கள், கொத்தனார்கள், லோடு அடிக்கிற டிப்பர்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் எஸ்டிமேட்டை எடுத்துப் பார்த்தால் சிமெண்ட் எந்தக் கம்பெனி, கம்பி எந்தக் கம்பெனி, டைல்ஸ் சதுர அடி என்ன விலை, பாத்ரூம் குழாய் வரைக்கும் பிராண்டு பெயரோடு இருக்கிறது. நடுவில் ஒரு வரி மட்டும் "பேஸ்மெண்ட் ஃபில்லிங்" (அஸ்திவாரச் சுவர்களுக்கு நடுவே, தரைக்கு அடியில் நிரப்புவது) என்று போட்டு, எதிரே மொத்தமாக ஒரு தொகை. என்ன பொருள், எத்தனை யூனிட், எப்படி இறுக்குவீர்கள் என்று ஒன்றும் கிடையாது. எனக்கு அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 சதுர அடி வீட்டுக்கு இரண்டரை அடி நிரப்ப வேண்டும் என்றால் 2500 கன அடி, அதாவது 25 யூனிட். சுவர் போகக் கொஞ்சம் குறையும், இறுக்கும்போது அமுங்குவதால் கொஞ்சம் கூடும். தரை கான்கிரீட், டைல்ஸ், கட்டில், பீரோ, குடியிருக்கிற ஆட்கள் எல்லாம் நிற்பது அதன் மேல்தான். இத்தனை யூனிட் பொருளுக்கு எஸ்டிமேட்டில் ஒரு பெயர்கூட இல்லை என்றால் எப்படி?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்கே பார்த்தாலும் பழைய ஓட்டு வீடுகள் இடிபடுகின்றன, அந்த வேஸ்ட்தான் அடுத்த தெருவில் எழும்புகிற புது வீட்டுக்குள் போகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. சுத்தமான உடைந்த செங்கலும் கான்கிரீட் துண்டும் நல்ல நிரப்புப் பொருள்தான், குளக்கரையில் கொண்டு தட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல், மலையை உடைப்பதும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் லோடில் வருவது அது மட்டும் இல்லையே. கதவு நிலைத் துண்டு, சீலிங்கில் இருந்து பெயர்த்த ஜிப்சம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் துண்டு, சாக்கு, பிளாஸ்டிக், வேரோடு வந்த மண் எல்லாம் ஒன்றாகத்தான் உள்ளே விழுகிறது. மரத்துண்டு உள்ளே போனால் கரையானுக்கு நீங்களே பந்தி வைத்த மாதிரி; மேலே எவ்வளவு மருந்து அடித்தும் என்ன பயன்? ஜிப்சம் இன்னும் மோசம். அதில் இருப்பது சல்பேட், ஈரம் பட்டால் அது கரைந்து மேலே இருக்கிற சிமெண்ட் கான்கிரீட்டோடு வேலை செய்யத் தொடங்கும், கான்கிரீட் உப்பி வெடிக்கும். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் நனைகிற மாவட்டம் இது, இங்கே தரைக்கு அடியில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.

இது ஏதோ பயமுறுத்தல் என்று நினைக்க வேண்டாம். அயர்லாந்தில், டப்ளின் நகரத்தைச் சுற்றி, வீடுகள் மளமளவென்று எழும்பின காலத்தில் தரைக்கு அடியில் குவாரிக் கல்லைத்தான் போட்டார்கள். பார்க்க நல்ல கல். அதற்குள் பைரைட் என்கிற தாது இருந்தது. காற்றும் ஈரமும் பட்டு அது மாறி மாறிக் கடைசியில் ஜிப்சமாகி உப்ப, தரை மேலே தூக்கி, சுவர் விரிந்து, கதவு அடைக்க முடியாமல் ஆயிரக்கணக்கான வீடுகள் கெட்டுப் போயின. அதற்கென்றே 2013இல் தனிச் சட்டம் போட்டார்கள். சரிசெய்வது எப்படித் தெரியுமா? தரையை உடைத்து, நிரப்பின கல் முழுவதையும் அள்ளி வெளியே எடுத்து, வேறு கல் போட்டுத் திரும்பவும் தரை போட வேண்டும். நம்ம ஊர்க் கருங்கல்லும் அப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்பது மட்டும் போதாது என்கிறேன், அவ்வளவுதான்.

என் அக்கா வீட்டில் தரை மேலே தூக்கவில்லை, கீழே இறங்கியது. பால்காய்ப்பு முடிந்த மறுவருடம் மழைக்கு அப்புறம் ஹாலின் ஒரு மூலையில் டைல்ஸைத் தட்டினால் பானையைத் தட்டின மாதிரி சத்தம், ஓரத்தில் விரல் நுழைகிற இடைவெளி. உடைத்துப் பார்த்தபோது உள்ளே தலையணை அளவுப் பாறைகள், இடையிடையே பொந்து. பெரிய கல்லை அப்படியே தட்டிவிட்டு மேலே மண்ணைப் பரப்பியிருக்கிறார்கள், மழை ஈரத்தில் அந்த மண் மெல்ல மெல்லப் பொந்துக்குள் இறங்கியிருக்கிறது. கட்டிக் கொடுத்தவரைக் கேட்டதற்கு "புது வீடு என்றால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்" என்றார். வீடு இறங்கவில்லை, தரைதான் இறங்கியது, இரண்டும் வேறு வேறு என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

கல் கையில் அடங்குகிற அளவுக்கு உடைந்திருக்க வேண்டும், பெரிது சிறிது கலந்து இருந்தால்தான் ஒன்றின் இடையில் ஒன்று போய் உட்காரும். மேற்கே கிடைக்கிற சரளை கலந்த செம்மண் நன்றாக இறுகும், களி அதிகம் இல்லை என்றால் தாராளமாகப் போடலாம், அனுமதிச் சீட்டோடு வந்த லோடாக இருந்தால் சரி. பாறைப்பொடியை மட்டுமே கொட்டி நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். நன்றாக இறுகும்தான், ஆனால் பொடி ஈரத்தை மேலே இழுக்கும். கீழே உடைகல், மேலே இரண்டு இஞ்ச் பொடி, அதன் மேல் பாலிதீன் ஷீட், அப்புறம் கான்கிரீட் என்று போனால் கல்லிடுக்கில் தண்ணீர் ஏறாமல் நின்றுவிடும், ஷீட்டும் கிழியாது. கடற்கரை மணலைத் தயவுசெய்து நினைக்கவே வேண்டாம். உப்பு சுவரில் ஏறும், கம்பியைத் தின்னும். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் மோனசைட்டும் அதற்குள் தோரியமும் இருப்பது ஊரறிந்த விஷயம், அதைக் கொண்டு வந்து படுக்கையறைக்கு அடியில் போடுவானேன்?

பொருள் நல்லதாக இருந்தாலும் இறுக்காவிட்டால் போச்சு. மத்தியப் பொதுப்பணித் துறையின் விதிமுறையில் 20 சென்டிமீட்டருக்கு மிகாத அடுக்கடுக்காகப் போட்டு, நனைத்து இறுக்கச் சொல்லியிருக்கிறது. நம்மிடம் நடப்பது என்ன? ஜேசிபியால் மூன்றடியும் ஒரே தட்டு, அப்புறம் ராத்திரி முழுக்க ஓஸ் போட்டுவிடுவது. தண்ணீர் விட்டால் மணல் உட்காரும், களிமண் சேறாகும், கல் அசையவே அசையாது. அதற்கு இடித்து இறுக்குகிற ரேமரோ, அதிர்ந்து இறுக்குகிற பிளேட் காம்பாக்டரோ வேண்டும். இன்னொன்று, ஒரு அறையை மட்டும் முழுசாக நிரப்பிவிட்டுப் பக்கத்து அறையைக் காலியாக விட்டால் நேற்றுக் கட்டின கருங்கல் கட்டு ஒரு பக்கமாகத் தள்ளும். எல்லா அறையிலும் சமமாக ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

வயல் நிரப்பின மனைகளில் நீங்கள் கட்டுகிற வீடுகளைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். வயலில் வீடு கட்டலாமா என்கிற சண்டையை இப்போது விட்டுவிடுகிறேன். அங்கே ரோட்டு மட்டத்துக்கு மேலே வர நாலடி ஐந்தடி நிரப்ப வேண்டி வருகிறது. பிரிட்டனில் புது வீடுகளுக்கு உத்தரவாதம் கொடுக்கிற அமைப்பு 600 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அடிக்கு மேல் நிரப்ப வேண்டி வந்தால் தரையை அதன் மேல் படுக்கப் போடவே சம்மதிப்பதில்லை, நிரப்பினதில் படாமல் சுவரோ பீமோ தாங்குகிற தரையாகப் போடச் சொல்கிறது. செலவு கூடும்தான். அந்தச் செலவை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும்.

நான் கேட்பது சின்ன விஷயம். எஸ்டிமேட்டில் அந்த ஒற்றை வரியை விரித்து எழுதுங்கள்: என்ன பொருள், எங்கிருந்து, எத்தனை யூனிட், எத்தனை அடுக்கு, எதால் இறுக்குவீர்கள். இடித்த வேஸ்ட் என்றால் மரமும் ஜிப்சமும் பொறுக்கி எடுக்க ஆள் கூலியையும் சேர்த்து எழுதுங்கள், நியாயமான கூலிக்கு யாரும் சண்டை போட மாட்டார்கள். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் வீட்டுக்காரருக்கு ஒரு போன் அடியுங்கள், அவர் வந்து ஏறி மிதித்துப் பார்க்கட்டும்.

வருகிற தை மாதம் கருங்கல் ஊர்ப் பக்கம் என் சித்தப்பா மகன் புது வீட்டுக்கு வானம் தோண்டப் போகிறான். கொட்டேஷன் கொடுக்க வருகிறவர்கள் அந்த வரியை விரித்து எழுதிக் கொண்டுவாருங்கள், இல்லாத கொட்டேஷனை அவன் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டான்.